மலைக்கள்ளனும் மண்டிக் கணக்கும்

எங்கள் ஊர்ப் பெயரின் முன்னால் நிற்கும் 'டி' என்னும் எழுத்து, அருகிலுள்ள தேவன்குறிச்சியைக் குறிப்பது. அங்கே ஒரு மலை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கண்டவர்கள் அதை மலை என்றால் நகைப்பார்கள். கரிசல் காட்டின் நடுவே எழுந்து நிற்கும் பாறைக் குன்றுதான் அது. ஆனால் 1967-ஆம் ஆண்டில் பன்னிரண்டு வயதும் பத்து வயதுமாக இருந்த அண்ணன் தம்பியாகிய எங்களுக்கு உலகிலேயே பெரிய மலை அதுவே. ஏனெனில் மலைக்கள்ளன் அங்கேதான் வாழ்ந்தான். அப்படித்தான் நாங்கள் நம்பியிருந்தோம்.

இன்று எங்களுக்கு எழுபதை ஒட்டிய வயது. இக்கட்டுரையை எங்களில் ஒருவர் எழுத, மற்றவர் அருகில் அமர்ந்து திருத்துகிறார். ஒரு சிறுவனின் கேள்விதான் இதை எழுதத் தூண்டியது. சென்ற கோடை விடுமுறையில் பேரக்குழந்தைகள் வந்திருந்தபோது, எங்கள் பழைய படத்தைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினோம். சூப்பர்மேன் படம் அச்சிட்ட சட்டை அணிந்திருந்த பேரன் சிறிது நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "தாத்தா, இவருக்கு என்ன சக்தி? பறப்பாரா?"

"பறக்க மாட்டார். குதிரையில் வருவார்" என்றோம். அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. எங்களுக்கும் அந்தப் பதில் போதவில்லை.

'மலைக்கள்ளன்' 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த படம். கதை நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையினுடையது, உரையாடல் மு. கருணாநிதியினுடையது. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு அதைத் தயாரித்து இயக்கினார். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சிங்களம் என ஐந்து மொழிகளில் அதே கதை மீண்டும் படமானது. இந்தியில் 'ஆசாத்' என்ற பெயரில் 1955-இல் வந்த படத்தில் திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்தனர். அதையும் ஸ்ரீராமுலு நாயுடுவே இயக்கினார்.

இவற்றில் எதுவும் அந்நாளில் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது கீற்றுக் கொட்டகையும், மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்துகொள்ளும் தரை டிக்கெட்டும், படச்சுருள் மாற்றும் இடைவெளிகளில் வரும் முறுக்குத் தட்டும்தான். வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, டூரிங் டாக்கீசுக்கு வந்த தேய்ந்த பிரதி அது. திரையில் ஓயாமல் மழை பெய்துகொண்டிருந்தது. ஆயினும் குதிரையின் மேல் அவர் பாடிக்கொண்டு வந்தபோது, கொட்டகை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏழைகளை ஏமாற்றுவோரைத் தட்டிக்கேட்ட அப்பாட்டைப் பாடிய டி.எம். சௌந்தரராஜன் நம் மதுரைக்காரர் என்பதில் எங்கள் தந்தையாருக்குத் தனிப் பெருமை. எம்.ஜி.ஆருக்கும் அவருக்கும் இடையே பல்லாண்டு நீடித்த இணைப்புக்கு அதுவே தொடக்கம்.

கதை எளியது. ஊருக்குள் அப்துல் ரஹீம் என்னும் செல்வந்த வணிகர். மலையில் கொள்ளையர் தலைவன். இருவரும் ஒருவரே. இரவில் கடத்தப்பட்ட பூங்கோதையை மீட்டு, மலையில் உரிய மரியாதையோடு தங்கவைக்கிறான் மலைக்கள்ளன். அவனைத் தேடி அலையும் காவல் அதிகாரியாக நடித்தவர் எம்.ஜி.ஆரின் தமையனார் எம்.ஜி. சக்கரபாணி. வணிகர் வேடத்தில் தம்பி, தம்மைத் தேடும் அண்ணனுக்கே யோசனை சொல்லும் இடங்களில் கொட்டகை அதிரும். அண்ணன் தம்பியாகிய எங்களுக்கு அந்தச் சிரிப்பில் இரட்டைப் பங்கு உண்டு.

இரட்டை வாழ்வு வாழும் வீரன் நமக்கு மட்டும் உரியவன் அல்லன். 1919-இல் எழுத்தில் பிறந்து, 1920-இல் ஊமைப் படமாகவும் வந்த ஜாரோ பகலில் சோம்பேறிப் பிரபு, இரவில் முகமூடி அணிந்த வாள்வீரன். 1938-இல் தோன்றிய சூப்பர்மேன் அலுவலகத்தில் கூச்சமுள்ள பத்திரிகையாளன். எளியவர் மனம் எங்கும் ஒன்றுதான் போலும்: நம் பக்கத்தில் சாதாரணமாக நிற்கும் ஒருவர், நமக்காக இரவில் எழுந்து வருவார் என்று நம்ப அது விரும்புகிறது. நம் ஊர் வீரனுக்கு வேற்றுக் கிரகத்தின் வலிமை தேவைப்படவில்லை. ஒரு குதிரையும், ஒரு தாடியும், கொஞ்சம் துணிவும் போதுமாயிருந்தன.

எங்களுக்கு அவை எவையும் இல்லை. ஆனால் தந்தையாரின் துண்டு இருந்தது. அதை முகத்தில் கட்டிக்கொண்டால் கண் மட்டும் தெரியும்.

எங்கள் தந்தையார் கடைவீதியில் ஒரு வற்றல் மண்டியில் கணக்கெழுதி வந்தார். பள்ளி விடுமுறை நாள்களில் அவருக்குச் சோறு கொண்டுபோவது எங்கள் வேலை. மண்டியின் பின்கட்டில் பெண்கள் அமர்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவார்கள். கிள்ளிய எடைக்குக் கூலி. அவர்களுள் ஒரு மூதாட்டி இருந்தார். கணவரும் பிள்ளையும் இல்லாதவர். மிளகாய் நெடியில் எந்நேரமும் கண்ணீர் வழிய, எங்களைக் கண்டால் மட்டும் சிரிப்பார். ஒரு சனிக்கிழமை அவருடைய வாரக் கூலியில், 'கழிவு' என்று சொல்லி இரண்டு ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனதை நாங்கள் பார்த்தோம்.

மலைக்கள்ளனைப் பார்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமே எழவில்லை. திங்கட்கிழமை, சோற்றுத் தூக்கை வைக்கப் போன ஒருவர் முதலாளியின் கல்லாப்பெட்டியிலிருந்து இரண்டு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்தார்; மற்றவர் வாசலில் காவல் நின்றார். இரவில் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, மூதாட்டியின் குடிசை வாசலில் அத்தாளை ஒரு கல்லின் கீழ் வைத்துவிட்டு ஓடிவந்தோம். அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி!

மறுநாள் காலை அந்த மூதாட்டி பணத்தை எடுத்துக்கொண்டு நேரே மண்டிக்கு வந்தார். "வாசல்ல கெடந்துச்சு சாமி. யார் துட்டோ, எனக்கு வேணாம்" என்று முதலாளியிடம் நீட்டினார். கல்லாவில் குறைந்ததும் அதே இரண்டு ரூபாய். மண்டியைக் கூட்டி, தேநீர் வாங்கிவரும் பையன் ஒருவன் அங்கு இருந்தான். எங்களைவிட ஓரிரு வயது மூத்தவன். மூதாட்டியின் தெருவில் வசித்தவன். வேறு சாட்சி எதற்கு? அவன் திருடினான், கிழவி பயந்து திருப்பித் தந்தாள் என்று தீர்ப்பாயிற்று. அறை வாங்கிக்கொண்டு அவன் வெளியேறினான். மூதாட்டியையும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைத் தந்தையார் இரவு உணவின்போது அம்மாவிடம் சொன்னார். நாங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்கு நாள்கள் வாய் திறக்கவில்லை. அந்த நான்கு நாள்களில் எங்கள் உள்ளத்தில் ஓடிய படத்தில் குதிரை இல்லை, பாட்டு இல்லை. வெள்ளிக்கிழமை இரவு வழக்கம்போல் செபமாலை முடிந்து, தந்தையார் லூக்கா நற்செய்தியை வாசித்தார். சக்கேயு மரத்திலிருந்து இறங்கிவரும் பகுதி. அவர் எங்களுக்காகத் தேர்ந்து வாசிக்கவில்லை. முறைப்படி அன்று வந்த பகுதி அது. சக்கேயு ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்தது தம் சொந்த உடைமையை. பிறரிடம் வஞ்சித்துப் பெற்றிருந்தால் அதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னதும் எல்லாருக்கும் முன்னால். எங்களில் இளையவர் விசும்பத் தொடங்க, மூத்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அடி விழும் என்று எதிர்பார்த்தோம். தந்தையார் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அந்தக் கழிவை ஏட்டில் எழுதியது என் கைதான்" என்றார்.

சனிக்கிழமை காலை எங்களை அழைத்துக்கொண்டு மண்டிக்குப் போனார். ஆட்கள் நிறைந்திருந்த நேரம். எங்களைச் சொல்லச் சொன்னார், சொன்னோம். பிறகு பேரேட்டை எடுத்து முதலாளியின் முன் விரித்து, "பையன்கள் எடுத்தது தவறு. அது திரும்பி வந்துவிட்டது. அதற்கு முந்தைய இரண்டு ரூபாய் ஒன்று இங்கே இருக்கிறது, அது இன்னும் திரும்பவில்லை" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் பேரேட்டின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கியதை நாங்கள் கண்டோம். ஆறு பேர் உண்ணும் வீட்டுக்கு அந்த வேலை ஒன்றே வருவாய். முதலாளி எங்களையும் ஏட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பணத்தை எடுத்து வைத்தார். மூதாட்டி மீண்டும் வேலைக்கு வரலாம் என்றார். அடுத்த ஆண்டு தந்தையார் வேறொரு மண்டிக்குக் கணக்கெழுதப் போனார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூதாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். எங்கள் தலையைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "இருட்டுல வச்ச துட்டு எனக்கு எதுக்கு ராசா? பகல்ல எனக்காக ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதுமேய்யா."

அந்தப் பையனின் வீட்டுக்கும் போனோம். கதவு பூட்டியிருந்தது. வேலை போனதும் அவனைச் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலைக்குச் சேர்த்துவிட்டு, குடும்பமே அங்குப் பெயர்ந்துவிட்டதாக அண்டை வீட்டார் சொன்னார்கள். தந்தையார் இருமுறை விசாரித்துப் பார்த்தார். பயனில்லை.

தந்தையாருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் நாங்கள் எண்ணிப் பார்த்ததுண்டு. எங்கள் ஊர்க் காந்திநிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி. குமரப்பா. தந்தையார் அங்குப் போய் அவர் பேச்சைக் கேட்டவர். காந்தியடிகளின் பொருளியல் சிந்தனையாளர் என்று உலகம் அறிந்த குமரப்பா, தொழிலால் ஒரு கணக்காயர். இயேசுவின் போதனையை வாழ்க்கைக்குப் பொருத்தி நூல் எழுதிய கிறிஸ்தவர். ஆங்கிலேய ஆட்சி இந்தியாவின் தலையில் ஏற்றிய கடன்களை ஆராயக் காங்கிரஸ் 1931-இல் அமைத்த குழுவின் பணியை முன்னின்று நடத்தியவரும் அவரே. 1960 ஜனவரி 30 அன்று அவர் காலமானார். மனிதரின் பொருள் தேடும் முறைகளை இயற்கையிலிருந்தே அவர் வகுத்துக் காட்டினார்: ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் நட்டு வளர்க்காத மரத்தின் கனியைப் பறிக்கும் குரங்கு, கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. நாங்கள் தாய்ப்பறவை என்று எண்ணிக்கொண்டு குரங்கின் வேலையைச் செய்திருந்தோம்.

அப்படியானால் மலைக்கள்ளனை வெறுத்துவிட்டோமா? இல்லை. அதற்குப் பிறகுதான் அவனை நேசிக்கத் தொடங்கினோம் என்று சொல்லலாம். சிறுவயதில் நாங்கள் கண்டது அவன் முகமூடியை. பெரியவர்களாகித் திரும்பப் பார்த்தபோதுதான் மற்றொன்றைக் கண்டோம். பூங்கோதையைக் கடத்தியவர்கள் வேறு. பழி விழுவது மலைக்கள்ளன் மேல். ஊருக்குள் பெரிய மனிதராக உலவுவோரின் குற்றங்களையும் அவன் பெயரிலேயே எழுதிவிடுகிறார்கள். அவன் அந்தப் பழியைச் சுமந்துகொண்டே, பழி சுமத்தியவர்களுக்கும் உதவுகிறான். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு 1930-இல் நடைப்பாட்டு எழுதிக் கொடுத்த ஒரு காந்தியக் கவிஞரின் உள்ளத்தில் பிறந்த கள்ளன் வேறு எப்படி இருப்பான்? பிறர் செய்ததை அவன் தன் தோளில் ஏற்றான். நாங்கள் செய்ததைப் பிறன் தோளில் ஏற்றிவிட்டு நான்கு நாள் சோறு தின்றோம்.

பேரனிடம் இதையெல்லாம் விளக்க எங்களுக்குத் தெரியவில்லை. படத்தை நிறுத்திவிட்டு, இரண்டு ரூபாயின் கதையை அவனுக்குச் சொன்னோம். பறக்கும் வீரர்களை மறந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த அண்ணன் அப்புறம் திரும்பி வந்தாங்களா தாத்தா?"

"வரவில்லை" என்றோம்.

அவன் வெகுநேரம் பேசாமலிருந்தான். பிறகு அவனே எழுந்துபோய், நிறுத்திய இடத்திலிருந்து படத்தை மீண்டும் ஓடவிட்டான்.