பூனைக்கு வைத்த பேர்

வெள்ளிமலையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. சாமை மூட்டையை ஓட்டை போட்டு, தின்றது போக மிச்சத்தைத் தரையெல்லாம் இறைத்து வைக்கும். கள்ளக்குறிச்சியில் எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பாய் வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. கறுப்புக் கடுவன் ஒன்றைக் கூடையில் போட்டு, மேலே துணி கட்டி, கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் மலைக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது.

என் மகள் ஒரே பிடிவாதமாகச் சொன்னாள்: "இது பாய் வூட்டுல பொறந்தது. அவுங்க பேர் மாதிரியே அரபுப் பேரா வைக்கணும்."

வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேர் என்றாலே எனக்குள் ஒன்று முறுக்கிக்கொள்ளும். எங்கள் சேரியில் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி, அமாவாசை என்றுதான் கிழவர்கள் இருந்தார்கள். சூத்திரனுக்கு இழிவைக் குறிக்கும் பேர் வைக்கவேண்டும் என்று மனு எழுதி வைத்தான். அந்தக் கணக்கிலும் சேராதவர்கள் நாங்கள். ஆனால் முழுக் கதை அது இல்லை. பிறந்த பிள்ளைகள் வரிசையாகச் செத்துப்போன வீட்டில், தங்கின பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, எமனுக்கு வேண்டாத பொருளாகக் காட்டி, குப்பன் என்று பேர் வைத்தாள் எங்க ஆயா. அது பயத்தில் வைத்த பேர், ஆசையில் வைத்த பேர். அதையே ஊர்த்தெருவில் அரைக்கால் சட்டை போட்ட பையன் அறுபது வயதுக் கிழவனைப் பார்த்து "ஏ குப்பா" என்று கூப்பிட்டபோது, அந்தப் பேரில் குப்பை மட்டுந்தான் மிஞ்சியது.

அதனால் பூனைக்கு வைத்தாலும் யாருடைய பேரை எடுக்கிறோம் என்று பார்க்கவேண்டும். மகள் நோட்டில் எழுதிவைத்தாள்: ஜமால், அமீர், சுல்தான், பிலால். பிலால் என்ற பேரைப் பார்த்ததும் நானே அடித்தேன். பூனை கறுப்பு, அதனால் பிலால் என்று நினைத்திருக்கிறாள். பிலால் மெக்காவில் அடிமையாகக் கிடந்த கறுப்பு மனிதர். விடுதலையாகித் தொழுகைக்கு முதன்முதலாக அழைப்புக் கொடுத்தவர். அடிமையின் குரலை எல்லோருக்கும் மேலே ஏற்றி வைத்த கதை அது. 1981இல் மீனாட்சிபுரத்தில் நம் சனங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்குப் போனபோது பழைய பேரை விட்டுவிட்டுப் புதுப் பேரோடு நின்றார்கள். அப்படி ஒரு விலை கொடுத்து மனிதர்கள் வாங்கின பேர்களைப் பூனைக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

அடுத்த முறை கள்ளக்குறிச்சிக்குப் போனபோது பாய் வீட்டு அக்காவிடமே கேட்டேன். அவர் சிரித்தார். "அல்லா பேரு, நபிமாருங்க பேரு, சஹாபாக்கள் பேரு வேணாம் தம்பி. மத்தது எதுனா வச்சிக்க. ஆனா எங்கள்ல ஒருத்தருக்குப் பூனையாலதான் பேரே வந்துச்சு, தெரியுமா?" என்றார். அபூஹுரைராவைச் சொன்னார். ஆடு மேய்த்த காலத்தில் ஒரு பூனைக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தவர். பூனைக்குட்டியின் தகப்பன் என்று அந்தப் பேருக்கு அர்த்தம். நபிமொழிகளை மிக அதிகமாக அறிவித்தவர் அவர்தான், ஐயாயிரத்துக்கு மேல். அவ்வளவு பெரிய ஆளுக்கு நிலைத்த பேர் இது.

அக்கா இன்னொன்றும் சொன்னார். தொழுகைக்குக் கை கால் கழுவ வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்ததாம். அபூகதாதா என்ற தோழர் அது குடிக்க வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தாராம். பார்த்துக்கொண்டிருந்த பெண் ஆச்சரியப்பட, அது அசுத்தம் இல்லை, உங்களைச் சுற்றி வருகிற ஜீவன்தான் என்று நபி சொன்னதைச் சொன்னாராம்.

இதைக் கேட்டு நான் கொஞ்சநேரம் பேசவில்லை. மலைக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். எந்த ஊர் என்றார்கள். சொன்னேன். எந்தத் தெரு என்றார்கள். அதையும் சொன்னேன். அப்புறம் தண்ணீர் வந்தது, சொம்பு என் கைக்கு வரவில்லை. குனிந்து கையேந்திக் குடித்தேன். அந்த வீட்டுப் பூனை அடுப்படிக்குள்ளிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனது. நாயையும் பூனையையும்விடக் கேவலமாக நடத்துகிற நாட்டை எப்படி என் நாடு என்பேன் என்று 1931இல் பம்பாயில் காந்தியிடம் அம்பேத்கர் கேட்டதைப் படித்திருந்தேன். படித்தது வேறு, குனிந்து நின்றது வேறு.

பேர் இன்னும் வைத்தபாடில்லை. பக்கத்துக் காட்டுக் கிழவர் ஒருவர், மலையாளிப் பெரியவர், எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த காலத்தில் கூலியில்லாமல் உழைத்தவர். 1976இல்தான் அரசாங்கம் ஜாகீரை எடுத்தது. நாடு விடுதலையாகி 29 வருஷம் கழித்து. அவரிடம், "அரபுல ஒரு பேர் சொல்லுங்க பெரியவரே" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"அரபு எனக்கு எங்க வாத்தியாரே தெரியும்?"

தெரியும் என்றேன். அசல், பாக்கி, வசூல், ஜப்தி, ஜாமீன், கைதி, தாலுகா, ஜில்லா எல்லாமே அரபிலிருந்து வந்ததுதான். நவாபு கச்சேரியில் பாரசீகத்தோடு கலந்து வந்து, கம்பெனிக்காரன் கச்சேரியிலும் தங்கி, எழுத்து வாசனை இல்லாத நம் வாய்க்குள்ளும் புகுந்துவிட்டது. ஜாகீர் மட்டும் பாரசீகம். கிழவர் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "அத்தினியும் நம்மள அடிச்ச வார்த்தையா இருக்கே" என்றார். பிறகு அவரே சொன்னார்: "ஆஜர். அது எந்த பாஷை? காட்டுக் கேசுல கள்ளக்குறிச்சி கோர்ட்டுல டவாலி மூணு தபா பேரைக் கத்துவான். ஓடிப்போயிக் கைகட்டி நிக்கணும். ஆஜர்."

அதுவும் அரபுதான். ஹாளிர். அரபு நாட்டுப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் பேர் கூப்பிட்டால் பிள்ளைகள் அதைத்தான் சொல்லும். நம் பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' என்பதுபோல. நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். எல்லோரையும் முடித்துவிட்டுக் கடைசியில், "காலனிப் பசங்க எத்தினி பேர்ரா?" என்பார். எண்ணிக்கையைச் சொல்லவேண்டும். என் பேருக்கு நான் உள்ளேன் சொன்னது ஆறாம் வகுப்பில், வேறு பள்ளியில்.

"ஆஜர்னே வச்சிரலாம்ப்பா" என்றாள் மகள்.

கோர்ட்டு வார்த்தையாச்சே என்று நான் இழுத்தேன். கிழவர்தான் முடித்து வைத்தார். "இருக்கட்டும் வாத்தியாரே. நாம கூப்ட்டா போயி நின்னோம். இது கூப்புடாத வூட்டுக்கெல்லாம் போவுதே."

அந்த வாரத்திலேயே போனது. எனக்குக் கையில் தண்ணீர் ஊற்றின வீட்டுக்குள் போய், அவர்கள் பால் சட்டியை உருட்டிவிட்டு வந்தது. அந்த அம்மா வாசலில் நின்று, "ஏ ஆசரு! வாத்தியாரு வூட்டு ஆசரு!" என்று மலை அதிரக் கத்தினார். இங்கே என் மகள் பதிவேடு வாசிக்கிற மாதிரி தினம் மூன்று தரம் அதைக் கூப்பிடுகிறாள். வருவதில்லை. கருவாடு வறுக்கிற வாடை அடித்தால் மட்டும் வருகிறது.