எச்சில் நீர் திரும்பும் வழி

பிரான்சிஸ்கு சபையின் தலைவராக விளங்கிய புனித பொனவெந்தூரை, 1273-ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் கிரகோரியார் கர்தினாலாக உயர்த்தினார். அப்பதவிக்குரிய தொப்பியை ஏந்தி வந்த தூதர்கள், அவர் மடத்துக்கு வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கக் கண்டனராம். கை ஈரமாயிருப்பதால் தொப்பியை அருகிலுள்ள மரத்தில் மாட்டி வைக்கச் சொல்லிவிட்டு, கழுவும் வேலையை முடித்த பின்னரே அவர் அவர்களை வரவேற்றார் என்று ஒரு மரபுக் கதை வழங்குகிறது. மறையுரைகளில் இக்கதையைப் பலமுறை கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். மறையுரை முடிந்து இல்லம் திரும்பிய ஆடவருள் எத்தனை பேர் அன்று அடுக்களைக்குள் நுழைந்தனர் என்பது வேறு செய்தி.

இப்பணியை இயந்திரத்திடம் ஒப்படைக்க வழி கண்டவரும் ஒரு பெண்மணியே. அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்னும் ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் அம்மையார், தம் விலையுயர்ந்த பீங்கான் தட்டுகள் கழுவும்போது விளிம்பு உடைவதைப் பொறாது, நீரைப் பீய்ச்சிக் கழுவும் இயந்திரம் ஒன்றை வகுத்தார். 1883-இல் கணவர் கடனை வைத்துவிட்டு இறந்துபோகவே, பொழுதுபோக்காய்த் தொடங்கிய எண்ணம் பிழைப்புக்குரிய தொழிலாயிற்று. 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியில் அவ்வியந்திரம் காட்சிக்கு வைக்கப்பட்டது. முதலில் அதை வாங்கியவை பெரும் விடுதிகளே. இல்லங்களுக்குள் அது பரவலாக நுழையப் பல பத்தாண்டுகள் ஆயின.

நம் நாட்டிலோ, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வீட்டு வேலைக்கு வருவோர் வர இயலாது போனபோதுதான் நடுத்தரக் குடும்பங்கள் பல இவ்வியந்திரத்தை நினைத்துப் பார்த்தன. எம் இல்லத்துக்கும் அது அவ்வாறே அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்தது. எம் மருமகள் செவிலியர். இரவுப் பணி முடித்துக் காலையில் களைத்து வருபவர். அவருக்காகவே வாங்கப்பட்டது. 10 முதல் 15 லிட்டர் நீரில் ஒரு நாளைய பாத்திரம் முழுவதையும் அது சூடாகக் கழுவிக் கொடுத்தபோது, தொடக்கத்தில் ஐயுற்றிருந்த எம் துணைவியாரும் ஒருவாறு மனநிறைவு கொண்டார்.

ஓராண்டுக்குமேல் குறையொன்றும் இல்லை. பின்னர், காலையில் கதவைத் திறந்தால் அடித்தட்டில் கலங்கிய நீர் நிற்கத் தொடங்கிற்று. அதில் ஒரு பருக்கை, ஒரு கறிவேப்பிலை, எண்ணெய்ப் படலம். குழந்தையின் கிண்ணத்தைக் கையிலெடுத்தால் புளித்த வாடை. நம் குடும்பங்களில் 'எச்சில்' என்னும் சொல்லுக்கு உள்ள கனத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை. "இது எச்சில் தண்ணீரம்மா. கழுவின தட்டுக்கு அடியிலேயே நிற்கிறது. இதிலா பிள்ளைக்குச் சோறு வைப்பது?" என்று துணைவியார் கேட்டார். "நான் வழித்துப் போட்டுவிட்டுத்தான் அடுக்கினேன், அத்தை" என்றார் மருமகள். அவ்வளவோடு நிற்க வேண்டிய பேச்சு, நாள்தோறும் சற்று நீண்டது.

இயந்திரத்தை விற்ற நிறுவனத்தின் பணியாளர் வந்தார். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். "பாத்திரத்தைச் சரியாக வழிக்காமல் வைக்கிறார்கள்" என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறினார். கட்டணம் பெற்றுச் சென்றார். இரு வாரம் கழித்து மீண்டும் அழைத்தபோதும் அதே வரி, அதே கட்டணம். சிங்க்குக்கு அடியிலிருந்த சிறு கதவை அவர் இருமுறையும் திறந்து பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வரி எம் இல்லத்தில் தங்கிவிட்டது. மூன்று வாரம் இயந்திரம் வாளாவிருந்தது. இரவுப் பணியிலிருந்து வந்த பெண், உறங்கப் போகுமுன் சிங்க்கருகே நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். மாலையில் குடும்பச் செபமாலைக்கு அமர்ந்தபோதும் இருவருக்கும் இடையே ஓர் ஆள் அமருமளவு இடம் விடப்பட்டிருந்தது.

எம் பங்கில் குழாய்ப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். கோயில் வளாகத்துத் தண்ணீர்த் தொட்டி முதல் பங்கு இல்லத்துக் குழாய்வரை அவர் கைபடாதது இல்லை. ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்ததும் அவரை அழைத்து வந்தோம். வந்தவர் இயந்திரத்தைத் தொடவேயில்லை. "அடியில் நிற்கிற தண்ணீரை எல்லாம் துணியால் ஒற்றி எடுங்கள், மின்சாரத்தை நிறுத்துங்கள்" என்றார். பின் சிங்க்கின் வாயை அடைத்து நீர் நிரப்பி, ஒரு கரண்டி மஞ்சள்தூளைக் கரைக்கச் சொல்லி, அடைப்பை எடுத்தார். சிங்க் மெல்லத்தான் வடிந்தது. சில நிமிடம் கழித்து இயந்திரத்தின் கதவைத் திறந்தால், வடிகட்டியைச் சுற்றிப் பொன்னிறமாய் மஞ்சள் நீர்!

"இதில் தட்டு ஒன்றுமே வைக்கவில்லையே, அம்மா?" என்று அவர் துணைவியாரைக் கேட்டார். மறுமொழி இல்லை. அன்று மதியம் பாத்திரங்களை இயந்திரத்துள் அடுக்கியவர் துணைவியாரே என்பதை மட்டும் இங்குக் குறித்து வைக்கிறோம். (மஞ்சள் கறை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பல நாள் நின்றது. இச்சோதனையைச் செய்து பார்க்க விரும்புவோர் மஞ்சளுக்குப் பதில் கொஞ்சம் காப்பித் தூளைப் போட்டுக்கொள்ளலாம்.)

நடந்தது இதுதான். இயந்திரம் தன் கழிவு நீரை ஒரு சிறு பம்பினால் வெளியே தள்ளுகிறது. தள்ளும் குழாயை, முதலில் பொருத்தியவர்கள் தரையோடு இழுத்துவந்து, சிங்க்கின் கழிவுக் குழாயில் மிகத் தாழ்வான ஓரிடத்தில் இணைத்திருந்தனர். அந்தக் கழிவுக் குழாயில் நாளடைவில் எண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் படிந்து வழி குறுகிவிட்டது. சிங்க்கில் ஊற்றும் நீர் உடனே இறங்க முடியாமல் குழாயில் உயர்ந்து நிற்கும். நீர் தன் மட்டத்தைத் தேடும் என்பது பள்ளியில் படித்த பாடமன்றோ? இயந்திரத்தின் அடிக்குழியோ தரையிலிருந்து சில அங்குல உயரத்திலேயே இருக்கிறது. ஆகவே உயர்ந்து நின்ற நீர், பக்கத்து வழியே புகுந்து, பள்ளமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியே விட்டு உள்ளே விடாத சிறு மடல் ஒன்று பம்பின் வாயில் உண்டு. எம் இயந்திரத்தில் அம்மடலின் இடுக்கில் ஒரு புளி நார் சிக்கி, அதை மூடவிடாமல் செய்திருந்தது. காலணா பெறாத நார்!

இதற்கு மாற்று, வியக்கத்தக்க அளவு எளியது. கழிவுக் குழாயைத் தரையோடு விடாமல், முதலில் மேலே தூக்கி, அடுக்களை மேடைக் கல்லின் அடிப்பகுதியைத் தொடுமளவு உயர்த்தி, அங்கே சுவரில் ஒரு பட்டையால் இறுகக் கட்டி, அதன் பின்னரே இறங்கவிட்டு இணைக்க வேண்டும். அவ்வளவே. கவிழ்த்து வைத்த 'ப'கரம் போன்ற இவ்வளைவைத் தாண்ட வேண்டுமானால், சிங்க்கின் நீர் அவ்வளவு உயரத்துக்கு ஏறவேண்டும். பட்டை இன்றியமையாதது. கட்டாத குழாய், இயந்திரம் அதிர அதிர நழுவி, ஆறு மாதத்தில் மீண்டும் தரைக்கு வந்துவிடும். நாம் பார்த்த குறிப்பேடுகளில், கழிவுக் குழாயின் இணைப்பு தரையிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. முதல் 1 மீட்டர் வரையிலான உயரத்தில் இருக்கவேண்டும் என்று படத்துடன் போட்டிருக்கிறார்கள். தத்தம் இயந்திரத்துக்குரிய அளவை அதனதன் ஏட்டில் பார்த்துக்கொள்க. சில இயந்திரங்களில் இவ்வளைவு பக்கச் சுவருக்குள்ளேயே அமைந்திருப்பதும் உண்டு. குழாய் தாழ்ந்து கிடந்தால் நேர்மாறான தொல்லையும் வரும்: ஒரு முனையில் வாயால் இழுத்துவிட்டால் பீப்பாயின் எண்ணெய் தானாகவே ஓடுவதுபோல, இயந்திரம் நிரப்ப நிரப்ப நீர் வெளியே ஓடிக்கொண்டே இருக்கும்.

இணைக்கும் இடமும் முக்கியம். சிங்க்கின் அடியில், நாற்றம் மேலேறாதபடி எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும் கிண்ணம் போன்ற பாகம் ஒன்று இருக்கிறதல்லவா? இயந்திரத்தின் குழாய் அந்நீருக்கு மேலே இணைய வேண்டும். கீழே இணைத்தால் சாக்கடைக் காற்று நேரே இயந்திரத்துக்குள் வரும். எம் பங்குப் பணியாளர் அடைப்பை நீக்கி, மடலைக் கழுவி, குழாயை உயர்த்திக் கட்டி, இவையனைத்தையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார்.

ஆயினும் வளைவு ஒன்றே எல்லாவற்றுக்கும் காவலாகிவிடாது. சிங்க் முழுதும் அடைத்துக்கொண்டு விளிம்புவரை நிரம்பினால், நீர் வளைவையும் தாண்டக்கூடும். இதனையும் தடுக்க வல்லது காற்று இடைவெளி ஒன்றே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சிங்க்கின் மேடைமேல், குழாயருகே, ஒரு சிறு உருளை நிற்பதை அங்குப் பிள்ளைகளைக் காணச் சென்ற பெற்றோர் பலர் கண்டிருப்பர். அம்மாநிலக் குழாய்ப் பணி விதி நெடுங்காலம் அதனைக் கோரிவந்தது. இயந்திரத்தின் கழிவு நீர் அவ்வுருளைக்குள் ஏறி, வெற்று வெளியில் விழுந்து, வேறொரு குழாய் வழியே இறங்குகிறது. இரு குழாய்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அப்பால் அடைப்பு நேர்ந்தால் நீர் உருளையின் பிளவுகள் வழியே சிங்க்கில் வழிந்து கண்ணுக்குத் தெரியுமேயன்றி, இயந்திரத்துக்குத் திரும்பாது.

இக்காற்று இடைவெளியின் அருமையை உணர்த்திய துயர நிகழ்ச்சி ஒன்று, காக்ரேன் அம்மையாரின் இயந்திரம் காட்சிக்கு வைக்கப்பட்ட அதே சிகாகோ நகரில், 40 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. 1933-இல் அங்கு மீண்டும் ஓர் உலகப் பொருட்காட்சி. காண வந்தோர் தங்கிய விடுதிகளுள் இரண்டில், பழுதுற்ற குழாய் அமைப்புகளால் கழிவு நீர் குடிநீரோடு கலந்தது. சுமார் 1400 பேர் அமீபா சீதபேதிக்கு ஆளாயினர். 98 பேர் மாண்டனர் என்பது பதிவு. குழாய்ப் பணி விதிகளைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டுவர். நீர் தரும் குழாயின் வாய்க்கும், அது விழும் தொட்டி நிரம்பி வழியும் விளிம்புக்கும் இடையே, வாயின் விட்டத்தைப்போல் இரு மடங்கு, எவ்வகையிலும் 1 அங்குலத்துக்குக் குறையாத வெற்றிடம் வேண்டும் என்பது பொது விதி. இன்றைய பாத்திரம் கழுவும் இயந்திரங்களில், தூய நீர் நுழையும் பக்கத்தில் இத்தகைய காப்பு உள்ளேயே அமைக்கப்பட்டு வருகிறது. ஆதலின் இயந்திரத்தின் எச்சில் நீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறிவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டியது நம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. குழாயில் மாட்டிய ரப்பர்க் குழாயின் மறுமுனையை, அழுக்குத் துணி ஊறும் வாளிக்குள் மூழ்கவிட்டுச் செல்கிறோமே, அது! மேலே அழுத்தம் குறையும் நேரத்தில் அந்த வாளி நீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளக்கூடும்.

கதவைத் திறந்ததும் சிறிது நீரைக் கண்டு எல்லாரும் திகைக்க வேண்டுவதுமில்லை. வடிகட்டியின் அடிக்குழியில் தெளிந்த நீர் சிறிது நிற்பது இயல்பே. கலங்கலாய், உணவுத் துணுக்குகளோடு, இயந்திரம் ஓடாத வேளையிலும், குறிப்பாகச் சிங்க்கைப் பயன்படுத்திய பிறகு நின்றால், அது திரும்பி வந்த நீர். பாத்திரம் அடுக்கியவரிடம் கணக்குக் கேட்குமுன் சிங்க்கின் அடிக்கதவைத் திறந்து பாருங்கள். கிண்ணத்தின் வெளிப்புறத்தை மட்டும் தூய்மை செய்வோரை ஆண்டவர் கடிந்துகொண்டது வேறு பொருளில்தான். எனினும் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவாத இல்லங்களில் அந்நற்செய்திப் பகுதி எமக்கு நினைவுக்கு வருகிறது.

இறுதியாக, தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு ஒரு சொல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, தெருவின் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி, தாழ்வான வீடுகளின் தரை வடிகால் வழியே கழிவு நீர் மேலெழுவதைச் சென்னையில் பலரும் அறிவர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நகரம் மூழ்கியபோது இதனைக் கண்ணால் கண்டவர் பலர். இயந்திரத்தின் குழாயை அத்தரை வடிகாலுக்குள் செருகி வைத்திருக்கும் வீடுகளில், எழுவது எச்சில் நீர் மட்டுமன்று. மழை அறிவிப்பு வந்ததும் அக்குழாயை உருவி எடுத்துவிட வேண்டும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இசைவில்லாதவர்கள், குழாயோடு தரப்படும் வளைந்த பிளாஸ்டிக் கொக்கியை மாட்டி, அதன் வாயைச் சிங்க்கின் விளிம்பின்மேல் தொங்கவிட்டு, கழன்று விழாதபடி கட்டிவிடலாம். வாய் நீரில் மூழ்காமல் இருக்கட்டும். வெளிவரும் நீர் சூடாயிருக்கும் ஆதலால் குழந்தைகள் அருகில் நிற்க வேண்டா. பார்வைக்கு அழகில்லைதான். ஆனால் என்ன வருகிறது, எங்கே போகிறது என்பது முழுதும் கண்முன் தெரியும்.