முதுகைப் பாருங்கள்

நெடுந்தூர ஓட்டக் குதிரை என்றால் பலரும் காலைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் முதுகைப் பார்ப்பேன். கலிபோர்னியாவில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைக் குதிரைப் போட்டியில், 24 மணி நேரத்துக்குள் சுமார் 160 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடக்க வேண்டும். அங்கே அதிகம் ஓடும் அரேபியக் குதிரைகள் ஒல்லியானவை. திரண்ட தசை உடல் வெப்பத்தைத் தேக்கிவிடும்.

ஆனால் ஒல்லி வேறு, முதுகெலும்பின் இருபுறமும் குழி விழுவது வேறு. பொருந்தாத சேணம், லைசின் என்ற அமினோ அமிலம் குறைந்த தீவனம், வெளியே தெரியாத வலி என்று அதற்குக் காரணங்கள் பல. வயிற்றுத் தசை வலுத்தால்தான் முதுகு உயர்ந்து ஆளைத் தாங்கும். குதிரையை மேட்டில் நிதானமாக நடத்துங்கள், போதிய ஓய்வு கொடுங்கள். தசை உருவாக மாதங்கள் ஆகும். பொறுத்திருப்பது நம் கடமை, சுமக்கப்போவது அதுதானே!