அரசவை முன்னே ஓர் அருந்துறவி

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையையொட்டி, ரஞ்சன்குடிக் கோட்டை இன்றும் கம்பீரமாய் நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபு பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் பொருதியபோது, 1751இல் இப்பகுதியிலும் போர் மூண்டது. பிரெஞ்சுக்காரர் ஒருபுறமும் ஆங்கிலேயர் மறுபுறமும் துணை நின்றனர். அக்கோட்டை மதில்களைக் காணுங்கால், அதே சந்தா சாகிபின் நன்மதிப்பைப் படையின்றிப் பெற்ற துறவி ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார். அவர் வாழ்ந்த ஊரைக் காண, பெரம்பலூரினின்று அரியலூர் வழியாகத் தெற்கே கொள்ளிடம் நோக்கிச் செல்வோம்.

அவ்வூரே ஏலாக்குறிச்சி. அதைத் திருக்காவலூர் என்று பாடி, அங்கே அடைக்கல அன்னைக்கு ஆலயம் கண்டவர், 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிபைக் காணுமுன், அவ்வவையில் வழங்கிய பாரசீகத்தையும் இந்துஸ்தானியையும் அவர் முயன்று கற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. மகிழ்ந்த நவாபு அவருக்குப் பட்டமும் பல்லக்கும் அளித்தாராம். அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயரின் பிளவை நோயை முனிவர் தீர்த்தார் என்றும், மன்னர் நன்றியுடன் நிலம் வழங்க, அதனை அன்னையின் ஆலயத்திற்கே உரியதாக்கினார் என்றும் இவ்வூர் மக்கள் போற்றுவர். தமக்கென எதையும் வேண்டாதவர் எவர் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கலாம் அன்றோ!

அவைமுறையை முனிவர் நம் வள்ளுவரிடமும் பயின்றார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730இல் இலத்தீனில் பெயர்த்தவர் அவர். பொருட்பாலில் ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’ என்றோர் அதிகாரம் உண்டு. குளிர்காய்வோர் தீயை மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருப்பதுபோல் ஆள்வோரிடம் பழகுக. அவர்முன் பிறர் காதில் முணுமுணுத்தலும் கூடிச் சிரித்தலும் தவிர்க. மறைவாய்ப் பேசுவதை ஒட்டுக் கேளாதே. குறிப்பும் காலமும் அறிந்து பேசுக. இளையவர் என்றோ உறவினர் என்றோ எளிதாய் எண்ணாதே. இன்றைய அரசு விழாக்களுக்கும் இவ்விதிகள் முற்றும் பொருந்தும்.

ஆனால் இன்று நாட்டின் தலைவர் முடிமன்னர் அல்லர், குடியரசுத் தலைவர். உள்நாட்டு நிகழ்ச்சிகளில் ‘மேதகு’ என்னும் பொருள்படும் பழைய அடைமொழி தமக்கு வேண்டாமென, அப்பதவியிலிருந்த பிரணாப் முகர்ஜி 2012இல் நெறிப்படுத்தினார். ‘மாண்புமிகு’ என்பதே போதுமானதாயிற்று. வெளிநாட்டுப் பிரமுகர்களைச் சந்திக்கையில் மட்டும் பழைய மரபு தொடரலாயிற்று. ஆகவே ‘மாண்புமிகு குடியரசுத் தலைவர் அவர்களே’ என விளித்து, கைகூப்பி வணங்கி, சொல்லவேண்டியதைச் சுருங்கச் சொன்னால் போதும். காலில் விழவேண்டிய கடமை எவருக்கும் இல்லை.

நம் ஊர்களிலோ, மனுவைக் கையிலேந்தி அலுவலர் முன் நிற்கும்போதே நா உலர்ந்து, வந்த காரியத்தைச் சொல்லாமல் திரும்பும் எளியோர் எத்தனை பேர்! மரியாதை வேறு, அச்சம் வேறு. பதவியை மதிப்போம், உண்மையைப் பணிவோடும் தெளிவோடும் கூறுவோம். இதனை நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பழக்குவோமாக.