டார்பிஷயரில் தேட வேண்டிய பறவைகள்

இங்கிலாந்தில் அரிய பறவைகளைத் தேடிச் செல்பவர்கள் வழக்கமாகக் கரையோரங்களையே நாடுவர். நோர்போக், கோர்ன்வோல், சிலி தீவுகள் போன்ற இடங்களில் காற்றினால் வழிதவறி வரும் பறவைகள் முதன்முதலில் தரைதட்டும். அந்த நாட்டின் நடுவே அமைந்திருக்கும் டார்பிஷயர் கவுண்டிக்கு அத்தகைய பாக்கியம் கிடையாது. பெரிய பிரித்தானியாவில் கடலில் இருந்து மிகவும் தொலைவில் இருக்கும் இடம் இந்தக் கவுண்டியின் தெற்கிலுள்ள கோட்டன் இன் தி எல்ம்ஸ் என்ற கிராமத்துக்கு அருகில் இருக்கும் ஒரு பண்ணை. அங்கிருந்து கடலுக்கு சுமார் 113 கிலோமீற்றர்.

டார்பி நகரில் வசிக்கும் எனது மருமகனின் வீட்டுக்குச் செல்லும் வேளைகளில் எல்லாம் நான் இருகண் தொலைநோக்கியை எடுத்துச் செல்வதுண்டு. "மாமா, இஞ்ச கடலே இல்லை, என்ன பறவையைப் பாக்கப் போறியள்?" என்று அவன் கேலி செய்வான். அவனது அயல்வீட்டுக்காரர் அதற்குப் பதில் வைத்திருந்தார். றோல்ஸ் றொய்ஸ் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்ற அந்த முதியவர் பல தசாப்தங்களாகப் பறவைகளை அவதானித்துவருபவர். கடல் இல்லாத காரணத்தினாலேயே இங்கு கடற்பறவை ஒன்று வந்தால் அது பெரிய செய்தி என்பது அவரது வாதம். கரையோரத்தில் எவரும் திரும்பிப் பார்க்காத ஒரு பறவைக்காக இங்குள்ளவர்கள் மதிய உணவைக் கைவிட்டு ஓடுவார்களாம். நாற்பது வருடங்கள் செய்தியுடன் வாழ்ந்த எனக்கு அந்த வாதத்தைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கவில்லை.

இந்தக் கவுண்டியின் பறவைகளில் பலவற்றை அழைத்துவந்தவை மனிதன் கட்டிய நீர்த்தேக்கங்களே. 1992 ஆம் ஆண்டில் இரண்டாவது எலிசபெத் மகாராணியார் திறந்துவைத்த கார்சிங்டன் நீர்த்தேக்கம் அவற்றில் முக்கியமானது. குளிர்காலத்தில் கிரேட் நோர்தன் டைவர் என்ற பெரிய நீர்ப்பறவையைத் தேடி அங்கு செல்லலாம். ஐஸ்லாந்து போன்ற வடபுலங்களில் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தைக் கடலில் கழிக்கும் பறவை அது. நீரில் மூழ்கினால் எங்கே வெளிவரும் என்று தெரியாமல் கரையில் நிற்பவர் குளிரில் விறைத்துப்போக வேண்டியதுதான். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மேற்கு ஆபிரிக்காவுக்கும் வடக்குக்கும் இடையே பயணிக்கும் விராலடிப்பான் இந்த நீர்த்தேக்கங்களின் மேலாகக் கடந்துசெல்வதுண்டு. இலங்கைக்கும் வலசை வரும் இந்த மீன்பிடிப் பருந்துக்கு எமது மொழியில் இருக்கும் பெயர் ஆங்கிலப் பெயரை விடவும் எவ்வளவோ பொருத்தமானது.

வழிதவறி வந்த விருந்தாளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் சட்ஸ்வேர்த் மாளிகைக்கு அருகிலுள்ள பீலி என்ற சிறிய கிராமத்தின் பழத்தோட்டத்துக்கு டஸ்கி திரஷ் என்ற பூங்குருவி இனப் பறவை ஒன்று வந்துசேர்ந்தது. சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்து ஜப்பானுக்கும் சீனாவுக்கும் செல்ல வேண்டிய அந்தப் பறவை டார்பிஷயரில் உதிர்ந்த ஆப்பிள்களைக் கொத்திக்கொண்டிருந்தது. நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் நூற்றுக்கணக்கானோர் அந்தக் கிராமத்துக்குப் படையெடுத்தனர். 2020 கோடையில் வந்தது அதைவிடவும் பெரிய விருந்தாளி. கொவிட் முடக்கத்தில் இருந்து நாடு மெதுவாக வெளியில் வந்துகொண்டிருந்த நேரத்தில் டார்பிஷயருக்கும் யோர்க்ஷயருக்கும் எல்லையான மேட்டுநிலங்களில் தாடிக் கழுகு ஒன்று தங்கியது. சிறகுகளை விரித்தால் இரண்டரை மீற்றருக்கும் அதிகம். எலும்புகளையே பிரதான உணவாகக் கொண்ட அது, பெரிய எலும்புகளை உயரத்தில் இருந்து பாறைகளின் மீது போட்டு உடைத்துத் தின்னும். முந்திய வருடம் அல்ப்ஸ் மலையில் பொரித்த பெண்பறவை அது என்பது உதிர்ந்த இறகின் மரபணுப் பரிசோதனையில் தெரியவந்தது. பல மாதங்கள் தங்கியிருந்துவிட்டு அக்டோபரில் தென்கரையோரமாக நாட்டை விட்டு வெளியேறியது.

எவரும் ஒரு அரிய பறவையைப் பார்த்ததாகச் சொன்னால் பிரித்தானியாவில் அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. மிகவும் அரிதான இனங்களின் பதிவுகளை ஆராய்வதற்கென்று 1959 ஆம் ஆண்டில் இருந்து ஒரு குழு இயங்கிவருகிறது. பத்து உறுப்பினர்கள் விபரிப்பையும் புகைப்படத்தையும் பரிசீலித்து வாக்களிப்பார்கள். திருப்தியில்லை என்றால் பார்த்தவர் எத்தகைய பிரமுகராக இருந்தாலும் பதிவு நிராகரிக்கப்படும். எமது ஆசிரியபீடங்களில் அத்தகைய பத்துப் பேர் இருந்திருந்தால் எத்தனை தலைப்புச் செய்திகள் அச்சேறாமல் போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

தாடிக் கழுகு தங்கியிருந்த காலத்தில் அதைக் காணச் சென்றவர்களின் மகிழ்ச்சியோடு ஒரு அச்சமும் கலந்திருந்தது. அது உயிருடன் திரும்பிச் செல்லுமா என்பதே அந்த அச்சம். காரணம் அந்த மேட்டுநிலங்களின் வரலாறு. பீக் டிஸ்ரிக்ட் தேசியப் பூங்காவின் வடபகுதியில் ஹெதர் செடி படர்ந்த பரந்த வெளிகள் பலவும் கிரவுஸ் என்ற, கௌதாரியை ஒத்த பறவையை வேட்டையாடுவதற்காகப் பராமரிக்கப்படுபவை. இளந்தளிர்கள் கிரவுஸுக்கு உணவாக வேண்டும் என்பதற்காகச் செடிகளைப் பகுதி பகுதியாக எரிப்பார்கள். வருடந்தோறும் ஆகஸ்ட் 12 ஆம் திகதி வேட்டைப் பருவம் தொடங்கும். கட்டணம் செலுத்தி வருபவர்களுக்குச் சுடுவதற்குப் போதுமான பறவைகள் இருக்க வேண்டும். கிரவுஸ் குஞ்சுகளைத் தின்னும் பூனைப்பருந்து அங்கு வேண்டாத விருந்தாளி.

ஹென் ஹரியர் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் இந்தப் பூனைப்பருந்து 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தே பாதுகாக்கப்பட்ட பறவை. ஆனால், சட்டம் இருப்பதும் அது மேட்டுநிலத்தில் செல்லுபடியாவதும் வேறுவேறு விடயங்கள் என்பதை எம்மவர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. 2013 ஆம் ஆண்டில் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு பூனைப்பருந்துக் குஞ்சு கூடக் கூட்டை விட்டுப் பறக்கவில்லை. மறுவருடம் டார்பிஷயரின் மேல் டேர்வென்ட் பள்ளத்தாக்கில் ஒரு சோடி குஞ்சுகளை வளர்த்தபோது தொண்டர்கள் இரவுபகலாகக் காவலிருந்தனர். 2016 ஆம் ஆண்டில் வெளியான ஒரு காணொளியில் பீக் டிஸ்ரிக்ட் மேட்டுநிலத்தில் பொய்யான பூனைப்பருந்துப் பொம்மை ஒன்றின் அருகே துப்பாக்கியுடன் ஒருவர் அமர்ந்திருப்பதைக் காணக்கூடியதாக இருந்தது. நிலத்தின் உரிமையாளரான நஷனல் ட்ரஸ்ட் வேட்டைக் குத்தகையை முன்கூட்டியே முடிவுக்குக் கொண்டுவந்தது. செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட 58 பூனைப்பருந்துகளைப் பின்தொடர்ந்து 2019 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவற்றில் 72 சதவீதமானவை சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டது உறுதி அல்லது அதற்கான வாய்ப்பு மிகவும் அதிகம் என்று கூறியது.

சைபீரியாவில் இருந்து வழிதவறி வந்த ஒரு குருவிக்காக நூற்றுக்கணக்கானோர் வாகனங்களில் வந்து குவிவதை நான் குறைசொல்லவில்லை. எனது தொழிலும் அப்படிப்பட்டதுதான். வந்தது செய்தி, வராமல் போனது செய்தியல்ல. பீலிக்கு வந்த பறவையைப் படம்பிடிக்கக் கமராக்கள் வந்தன. வசந்தத்தில் வானில் புரண்டு ஆட்டம் காட்ட வேண்டிய ஆண் பூனைப்பருந்து இல்லாத வெற்று ஆகாயத்தை எவர் படம்பிடிப்பார்? என்னைக் கேட்டால் இந்தக் கவுண்டியில் தேட வேண்டிய பறவைகளின் பட்டியலில் முதலாவது இடம் அதற்கே. அது இந்த மண்ணின் பறவை. வழிதவறியதால் அல்ல, வாழவிடாததாலேயே அரிதாகிப்போனது.

நிலைமை ஓரளவுக்கு மாறியிருக்கிறது. 2023 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 141 குஞ்சுகள் பறந்தன. 2024 இல் அந்த எண்ணிக்கை 80 ஆகக் குறைந்தது.

அயல்வீட்டு முதியவர் கடந்த வசந்தத்தில் ஒரு சோடியைக் கண்டதாகச் சொன்னார். கூடு கட்டும் இடங்களை வெளியில் சொல்வதில்லை என்பது அங்குள்ள அவதானிகளின் எழுதப்படாத விதி. எந்தப் பள்ளத்தாக்கு என்று நான் கேட்டேன். பத்திரிகைக்காரன் என்பது அவருக்குத் தெரியும். வடக்கே என்று மாத்திரம் சொல்லிவிட்டுத் தேநீரை ஊற்றத் தொடங்கினார்.