நீலகிரித் தோடர் மகளிர்

சங்க நூல் பயிலும் மாணவர்க்கு முல்லை நிலத்து ஆய்மகள் அறிமுகமானவள். பெரும்பாணாற்றுப்படையிற் காணும் அவள் மோர் விற்ற வருவாயாற் சுற்றத்தாரை உண்பிப்பாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுப்பினும் கொள்ளாது எருமையும் ஆவுமே வாங்குவாள். மந்தையைப் பெருக்கும் கை அவளுடையதே. இச்சித்திரத்தை மனத்திற்கொண்டு நீலகிரிக்குச் செல்வோர்க்கு வியப்பே மிஞ்சும்.

தோடர் பேசுவதும் திராவிட மொழியே. எருமையே அவர்தம் செல்வம், பால்மனையே கோயில். ஆயினும் மரபின்படி கறத்தலும் கடைதலும் ஆடவர்க்கே உரியன. பெண்டிர் பால்மனையினுட் புகலாகாது. 1906-இல் தோடரைப்பற்றிப் பெருநூல் வெளியிட்ட ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் பால்மனைச் சடங்குகளுக்குப் பல அதிகாரங்கள் வகுத்தார். ஊசிவேலைக்கு அவர் அளித்த இடம் சிறிதே.

அவ்வூசியோ மகளிர்க்கே உரியது. 'பூத்துக்குளி' என்னும் வெண்போர்வையிற் செந்நூலும் கருநூலும் கொண்டு பூவேலை செய்வர். கோலம் வரைந்துகொள்வதில்லை, துணியின் இழைகளை எண்ணியெண்ணியே தைப்பர். இறந்தாரையும் இப்போர்வையிற் போர்த்தே வழியனுப்புவர். 2013-இல் இவ்வேலைப்பாட்டிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புகழ் வந்தது நன்று. இழையெண்ணும் கண்களுக்கும் வளைந்த முதுகிற்கும் தக்க கூலி வந்ததா என்பதே எமது ஐயம். ஆங்கிலேயர் காலந்தொட்டுப் புல்வெளிகளிற் சீகையும் தைலமரமும் தேயிலையும் நடப்பட்டமையால் மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று, எருமையும் குறைந்தது. மந்தை தேயத் தேய, ஊசி ஈட்டும் காசையே இல்லம் நோக்குகின்றது.

இனிச் சொத்துரிமை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றிப் பழங்குடியினரைச் சாராது. ஆகவே 1989-இல் தமிழ்நாட்டு இந்துப் பெண்மக்கள் பெற்ற சமபங்கு மலைமேல் ஏறவில்லை. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கிற் பழங்குடி மகளிர்க்கும் சமபங்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தோடர் மந்துகளில் நடைமுறையாக எத்துணைக் காலம் செல்லுமோ!

மரபு மட்டுமன்று, சட்டமும் பெண்ணின் உரிமையைப் பறித்ததுண்டு. வடதுருவத்தை அடுத்த நார்வேயில் துருவமான் மேய்க்கும் சாமி மக்களிடையே மனைவிக்கும் தனி மான்களும் தனிக் காதுக்குறியும் இருந்தன. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் மேய்ச்சலுரிமை பெரும்பாலும் கணவன் பெயரிலேயே பதிவாயிற்று.

நாஞ்சில் நாட்டார் இதனை எளிதில் உணர்வர். மருமக்கள்வழியால் மனைவியும் மக்களும் பட்ட துயரைக் கவிமணி தம் மான்மியத்தில் ஒரு மனைவியின் வாய்மொழியாகவே பாடினார். நாஞ்சினாட்டு வேளாளர் சட்டம் வந்தது 1926-இல். அதற்குள் எத்தனை கைம்பெண்கள் வெறுங்கையராய் வீட்டைவிட்டு இறங்கினரோ, கணக்கெடுத்தார் இலர்.