சிமிலியும் உவமையும்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் மாணவருக்கு ஆங்கிலப் பாடத்தில் ஓர் அச்சம் காத்திருக்கிறது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு முதல் இடைநிலைப்பள்ளி ஆங்கிலப் பாடத்தில் இலக்கியமும் ஒரு பகுதியானது. கவிதை, சிறுகதைகளோடு சிமிலி, மெட்டஃபர், பெர்சோனிஃபிகேஷன், ஐரனி எனக் கலைச்சொற்களும் வந்து சேர்ந்தன. கிள்ளானில் நான் படித்த வகுப்பில் அவற்றை வாய்பாடு போல மனனம் செய்தோம்.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். அங்கே படிவம் நான்கு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அக்கா, இதெல்லாம் ஆங்கிலத்திலேயே படிக்கிறோமே, எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் இலக்கியம் வேற எதுக்கு எடுக்கணும்?”

நியாயமான கேள்விதான். “எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு” என்ற பெருமைப் பேச்சு அவளுக்குப் பதிலாகாது.

‘நகமும் சதையும் போல’ என்று தொடக்கப்பள்ளியிலேயே உவமைத்தொடர் படித்தவள் அவள். சிமிலி அவளுக்குப் புதிதன்று. ஆனால், தொல்காப்பியம் உவமைக்கென்றே ஓர் இயலை ஒதுக்கி, ஒப்புமை தொழில், பயன், வடிவம், நிறம் ஆகியவற்றால் பிறக்கும் என்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்பது தொழில். மழை போலக் கொடுத்தான் என்பது பயன். துடி போன்ற இடை வடிவம். பவளம் போன்ற வாய் நிறம். ஆங்கிலக் கவிதையிலும் ‘இது எதனால் ஒத்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இது சிமிலி’ என்று பெயர் சூட்டுவதோடு நின்றுவிடாமல் விளக்கமும் எழுத வரும்.

அடுத்து, மதுரைக் கோட்டைக் கொடிகள். காற்றில் அசைவது அவற்றின் இயல்பு. கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாமென்று அவை தடுப்பதாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இதைப் பெர்சோனிஃபிகேஷன் என்றால் பாதிதான் சொன்னதாகும். இயல்பாக நடப்பதன்மேல் புலவர் தம் கருத்தைக் காரணமாக ஏற்றுகிறார் என்ற மீதியைத் ‘தற்குறிப்பேற்றம்’ என்னும் சொல்லே சொல்கிறது.

மறுபக்கமும் உண்டு. அதே காப்பியத்தில், அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பது நமக்குத் தெரியும்; அவனை நம்பும் கோவலனுக்குத் தெரியாது. நம் நெஞ்சு பதறுவது அதனால்தான். இதனை ஆங்கில வகுப்பு ‘டிரமாட்டிக் ஐரனி’ என்று கற்பிக்கிறது. நம் வஞ்சப்புகழ்ச்சி அணி வேறு. அது புகழ்வதுபோல் பழிப்பதும் பழிப்பதுபோல் புகழ்வதும் ஆகும். கோவலன் காட்சியின் வலியை விளக்க எனக்கு உதவியது ஆங்கிலச் சொல்தான்.

இதில் நாணமடைய ஒன்றுமில்லை. தொல்காப்பியம் உருவகத்தைத் தனி அணியாகப் பிரிக்கவில்லை. வடமொழித் தண்டியின் நூலைத் தழுவி எழுந்த தண்டியலங்காரம் அதைத் தனியாக வகுத்துக் காட்டியது. அன்று வந்த சொல் இன்று தமிழாகவே வாழ்கிறது.

அந்த மாணவிக்கு நான் சொன்னதும் இதுதான்: “ஆங்கில வகுப்பு கோவலனைப் புரிய வைக்கும்மா. ஆனா, கொடிகளைப் புரிய வைக்கத் தமிழ் வகுப்புதான் வேணும்.” அடுத்த வாரம் அவள் தமிழ் இலக்கியப் பாடநூலோடு வந்தாள்.